தீனியை ஒதுக்கிவிட்டுச் சோற்றுக்குக் காத்திருக்கும் கோழிகள்

பேராவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டின் பின்புறம் ஆறு கோழிகள் வளர்க்கும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. நான்கு பழுப்பு முட்டைக் கோழிகளும் இரண்டு கம்பத்துக் கோழிகளும் (நாட்டுக் கோழிகள்) அவரிடம் உள்ளன. எட்டு மாதங்களாக மக்காச்சோளமும் மீந்த சோறும் போட்டு வந்தவர், முட்டை ஓடு மெலிந்து கைபட்டாலே நொறுங்கத் தொடங்கியதும் கடையிலிருந்து டெடாக் என்னும் கலப்புத் தீனி வாங்கி வந்து வைத்திருக்கிறார். கோழிகள் அதை அலகால் விசிறித் தள்ளிவிட்டுச் சமையலறைக் கதவருகே வந்து நிற்கின்றன. "இரண்டு நாள் பட்டினி போட்டால் தானாகத் தின்னும்" என்பது அவருடைய மாமியாரின் யோசனை. பட்டினி போடலாமா, அல்லது வேறு தீனி வாங்கலாமா என்பது கேள்வி.

இந்த ஊரில் ஒரு தீனிக் கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சாக்கு பிரித்து நிறுத்துக் கொடுத்தவன் என்ற முறையிலும், இன்றும் வீட்டில் கோழி வைத்திருப்பவன் என்ற முறையிலும் பதில் சொல்கிறேன். பட்டினி போட வேண்டியதில்லை. தீனியை மாற்ற வேண்டியதும் அநேகமாக இராது. ஆனால், கோழியின் மீது குற்றம் சொல்லுமுன் தீனியை ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஏனெனில், கோழி சரியாகவே மறுக்கும் நேரமும் உண்டு.

ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டு போங்கள். நல்ல தீனியில் தானியத்தை வறுத்தது போன்ற மெல்லிய மணம் இருக்கும். பழைய எண்ணெயின் சிக்கு வாடையோ, ஈரச் சாக்கின் பூஞ்சை வாடையோ அடித்தாலும், கட்டி கட்டியாக இருந்தாலும், சாம்பல் அல்லது பச்சை நிறப் படிவம் தெரிந்தாலும் அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள்; வெயிலில் காயவைத்துப் பிறகு கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். பூஞ்சை காய்ந்து போனாலும், அது விட்டுச் சென்ற அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு வெயிலுக்கு முழுவதும் அழிவதில்லை. அது கோழியின் ஈரலைக் கெடுக்கும். நம் நாட்டின் ஈரக் காற்றில் பிரித்த சாக்கு நான்கு வாரத்தைத் தாண்டக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. கடைகளில் பெரிய சாக்கைப் பிரித்து ஒரு கிலோ, இரண்டு கிலோவாகப் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்பார்கள். நாங்களும் அப்படித்தான் விற்றோம். அந்தப் பையில் தயாரித்த தேதி இருக்காது. கடைக்காரரிடம் சாக்கைக் காட்டச் சொல்லித் தேதியைப் பார்த்து வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டில், மூடியுள்ள தோங்கில் (பீப்பாயில்) போட்டுத் தரையைத் தொடாமல் பலகை மேல் வையுங்கள். சிறு வண்டுகள் சில தென்பட்டால் அஞ்ச வேண்டாம், கோழியே அவற்றைப் பொறுக்கித் தின்றுவிடும். ஆனால் அது தீனிக்கு வயதாகிவிட்டது என்பதற்கு அடையாளம்.

அடுத்து, வாங்கியது சரியான தீனிதானா என்று பாருங்கள். கடைக்குப் போய் வெறுமனே "டெடாக் ஆயாம்" என்று கேட்டால் இறைச்சிக் கோழிக்குரிய தீனியைக்கூடக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். "ஆயாம் பெனெலூர்", அதாவது முட்டைக் கோழி, என்று கேட்டு, சாக்கின் மேல் தைத்திருக்கும் சீட்டில் புரதம் 16 முதல் 18 விழுக்காடும், கால்சியம் 3.5 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருக்கிறதா என்று பாருங்கள். இறைச்சிக் கோழித் தீனியிலும் குஞ்சுத் தீனியிலும் கால்சியம் ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். அதைத் தின்று வலுவான ஓடு போட முடியாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. முட்டையிடும் வயதை எட்டாத, ஏறக்குறைய பதினெட்டு வாரத்துக்கு உட்பட்ட கோழிக்கு முட்டைக் கோழித் தீனியைக் கொடுத்தால் மிகுந்த கால்சியம் சிறுநீரகத்தைத் தாக்கும். உங்களுடையவை முட்டையிடும் கோழிகள் என்பதால் இந்தக் கவலை இல்லை.

தீனி புதியது, சரியானது என்று உறுதியானால், அப்போதுதான் கோழியின் பக்கம் திரும்ப வேண்டும். பலர் நினைப்பது போல நாக்குக்குப் பிடிக்காததால் அது ஒதுக்குவதில்லை. மனித நாக்கில் ஆயிரக்கணக்கில் உள்ள சுவை மொட்டுகள் கோழியின் வாயில் சில நூறுதான். இனிப்பை உணர்வதற்கான மரபணு ஒன்று அதற்கு இல்லவே இல்லை. மிளகாயின் காரம் அதற்கு உறைப்பதும் இல்லை. ஆகவே, தீனியின் மேல் சீனி தூவுவது, வெல்லத் தண்ணீர் தெளிப்பது போன்ற வைத்தியங்களால் எறும்புக்குத்தான் கொண்டாட்டம். கோழி கண்ணால் பார்த்தும் அலகால் தொட்டும் உணவை முடிவு செய்கிறது. பருமனான துண்டு அதற்குப் பிடிக்கும், மாவு பிடிக்காது. இதுவரை பார்த்திராத உருவத்தைக் கண்டால் சில நாள் சந்தேகத்தோடு சுற்றி வரும். எட்டு மாதங்களாக மஞ்சள் மணியும் வெள்ளைச் சோறும் பார்த்த கண்ணுக்குப் பழுப்பு நிறக் குச்சித் தீனி உணவாகவே தோன்றாமல் இருக்கலாம்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்விக்கு உண்மையான விடை அதில்தான் உள்ளது. கோழி பெரும்பாலும் தன் உடலுக்கு வேண்டிய ஆற்றல் கிடைக்கும் வரை உண்ணும், கிடைத்ததும் நிறுத்திவிடும். ஒரு கிலோ மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 3,300 கிலோகலோரி ஆற்றல் இருக்கிறது. முட்டைக் கோழித் தீனியிலோ சுமார் 2,750. காலையில் மக்காச்சோளத்தைக் கொத்திய கோழிக்கு ஆற்றல் கணக்கு விரைவில் நிரம்பிவிடுகிறது, பசி அடங்கிவிடுகிறது, ஆனால் புரதமும் கால்சியமும் சேரவே இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் வைக்கும் தீனியை அது திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் பிடிவாதமல்ல, பசி மிச்சமில்லாததுதான்.

கணக்கை எண்ணில் போட்டால் ஓடு ஏன் மெலிந்தது என்பதும் விளங்கும். பழுப்பு முட்டைக் கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் அளவில் தின்னும். அது முழுவதும் தீனியாக இருந்தால், 17 விழுக்காடு புரதம் என்ற கணக்கில் ஏறத்தாழ 19 கிராம் புரதமும், 4 விழுக்காடு என்ற கணக்கில் 4.4 கிராம் கால்சியமும் கிடைக்கும். பாதியை மக்காச்சோளமாக மாற்றிவிட்டால் புரதம் 14 கிராமாக இறங்கும். மக்காச்சோளத்தில் கால்சியம் இல்லையென்றே சொல்லலாம் என்பதால் அது 2.2 கிராமாகச் சரிபாதியாகிவிடும். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். தின்பதில் ஏறக்குறைய பாதிதான் உடலில் சேரும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைக் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓட்டில் பூசுகிறது, எலும்பும் தேய்ந்த பிறகு ஓடு மெலிகிறது. பாதித் தீனிக்கே இந்த நிலை என்றால், தீனியே இல்லாமல் எட்டு மாதம் முட்டையிட்ட கோழிகளைப் பற்றி என்ன சொல்வது. சோற்றின் கதை இன்னும் மோசம். நூறு கிராம் சோற்றில் எழுபது கிராம் அளவுக்குத் தண்ணீர், புரதம் மூன்று கிராம்கூடத் தேறாது.

மாமியாரின் பேச்சை நான் தள்ளிவிடவில்லை. அவர் பார்த்து வளர்த்தது தோட்டத்து லயத்துக் கோழி. காலையில் ஒரு பிடி நொய் இறைத்துவிட்டால், ரப்பர் மரத்தடியில் கரையானையும் மண்புழுவையும் பூச்சியையும் கிளறித் தின்று, பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அடை காக்க உட்கார்ந்துவிடும். அந்தக் கோழி ஆண்டுக்கு நூறு முட்டையை எட்டுவதே அரிது. அதற்கு அந்தத் தீனி போதும். உங்களிடமுள்ள பழுப்புக் கோழியோ ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடுவதற்கென்றே பொறுக்கி வளர்த்த இனம். அடை காப்பதைக்கூட ஏறக்குறைய மறந்துவிட்டது. தாமான் வீட்டின் நாற்சதுரத்தில் அதற்குக் கரையானும் கிடைக்காது. கூட்டில் அடைத்து வைத்து மக்காச்சோளத்தையே மிகுதியாகக் கொடுத்தால் அடிவயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு படிந்து, நேற்று வரை நன்றாக இருந்த கோழி ஒருநாள் கொண்டை வெளுத்துச் செத்துக் கிடக்கும். பட்டினியும் இந்த இனத்துக்கு ஆகாது: முட்டையை நிறுத்தி, இறகை உதிர்த்து, மீண்டும் முட்டைக்கு வர வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே செய்ய வேண்டியது, பசி வரும் நேரத்தில் தீனி மட்டுமே கண்ணில் படும்படி நாளை அமைப்பதுதான். இங்கே ஏழு மணியை ஒட்டி விடிகிறது. கோழிக்கு அதிகப் பசி இருப்பது கூட்டிலிருந்து இறங்கிய முதல் இரண்டு மணி நேரத்திலும், மாலையில் அடைவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்திலும்தான். காலையில் கூட்டைத் திறக்கும்போது தீனி தயாராக இருக்க வேண்டும். சோறு, மக்காச்சோளம், ரொட்டி சானாய்த் துண்டு எதுவும் தனியாக மாலை ஆறரைக்கு முன் வெளியே வரக் கூடாது. மாலையில் கூட்டுக்குள் அழைப்பதற்காக ஒரு கோழிக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது பத்துக் கிராம் அளவில், மக்காச்சோளம் இறைக்கலாம். நாள் உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இதுபோன்ற தின்பண்டம் போகக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் நான் ஒருமுறை பத்து நாள் முயன்றும் கோழிகள் திருந்தவில்லை. பிறகுதான் தெரிந்தது, என் பேரன் பள்ளிக்குப் போகுமுன் தன் காலைச் சோற்றில் பாதியை வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தான்.

சட்டென்று மாற்றாமல் ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பாதித் தீனி, பாதி உடைத்த மக்காச்சோளம். அடுத்த சில நாள் முக்கால் பங்கு தீனி. பிறகு முழுத் தீனி. உலர்ந்த நிலையில் கலந்தால் கோழி மஞ்சள் மணியை மட்டும் பொறுக்கிவிட்டு மற்றதைக் கிளறித் தள்ளும் என்பதால், இந்த நாட்களில் தண்ணீர் தெளித்துப் பிசிறிக் கொடுப்பதே என் வழக்கம். புட்டுக்கு மாவு பிசிறும் பதம்தான் இதற்கும். பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஈரம் பட்டதும் தீனியின் துகள் மக்காச்சோளத்தில் ஒட்டிக்கொள்ளும், பொறுக்க முடியாது. பெரும்பாலான கோழிகள் உலர் தீனியைவிட ஈரத் தீனியை ஆவலோடு தின்னும் என்பதும் கண்கூடு. ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும் அளவே வையுங்கள், மீந்ததை எடுத்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். நம் வெயிலில் ஈரத் தீனி மதியத்துக்குள் புளித்துவிடும்.

தட்டில் தீனி வைக்கும்போது உங்கள் சுட்டு விரலால் அதன் மேல் டொக் டொக்கென்று தட்டிப் பாருங்கள். தாய்க்கோழி தன் குஞ்சுகளுக்கு இரையைக் கொத்திக் காட்டிக் கூப்பிடுவதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். வளர்ந்த கோழிக்கும் அந்த நினைவு போவதில்லை. சிரிப்பாக இருக்கும், ஆனால் பலிக்கும். ஏற்கெனவே தீனி தின்று பழகிய கோழி ஒன்று அக்கம்பக்கத்தில் இருந்து, அது நோயற்றது என்றும் உறுதியானால், அதைச் சில நாள் இரவல் வாங்கிக் கூட விடுவதும் உண்டு. ஒன்று தின்பதைப் பார்த்து மற்றவை கற்கும்.

தின்கிறதா இல்லையா என்பதைக் கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். நான்கு பழுப்புக் கோழிக்கு 440 கிராம், இரண்டு கம்பத்துக் கோழிக்குத் தலைக்கு 80 கிராம், ஆக நாளைக்கு 600 கிராம் தீனி. காலையில் நிறுத்து வைத்து, மாலையில் மீந்ததை நிறுத்துப் பாருங்கள். அத்தோடு, இரவு அடைந்த பிறகு மெதுவாகக் கோழியின் கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். நிரம்பி, அழுத்தினால் மாவு போல் அமுங்கினால் அது தின்றிருக்கிறது. தட்டு காலியாக இருந்தும் இரைப்பையும் காலியாக இருந்தால் உங்கள் தீனியை எலியும் மைனாவும் சிட்டுக்குருவியும் தின்றுகொண்டிருக்கின்றன.

விசிறித் தள்ளுவதற்குத் தீனித் தட்டின் உயரமும் ஒரு காரணம். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். அடியில் தங்கும் மாவைக் கொட்டிவிடாதீர்கள், வைட்டமினும் தாது உப்பும் பெரும்பாலும் அந்தத் தூளில்தான் இருக்கின்றன. மறுநாள் ஈரத் தீனியில் கலந்துவிடலாம். தட்டு இரண்டாக இருப்பது நல்லது. ஆறு கோழி இருக்கும் இடத்தில் ஒன்று தலைவி, ஒன்று கடைசி. கம்பத்துக் கோழி உடலில் சிறியதானாலும் பழுப்புக் கோழியைக் கொத்தி விரட்டும் குணம் அதற்கு உண்டு. இடம் கிடைக்காமல் ஒதுங்கி நிற்கும் கோழியைப் பார்த்துத் தீனி பிடிக்கவில்லை என்று நாம் தப்புக் கணக்குப் போடுவோம்.

வெயிலையும் தண்ணீரையும் இதில் மறக்கக் கூடாது. முப்பது பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் கோழி தானாகவே உணவைக் குறைத்துக்கொள்ளும், ஏனெனில் செரிமானமே உடலில் சூட்டைக் கூட்டும். நம் ஊரில் காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை அது வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்; அந்த நேரத்தில் தீனி தின்னவில்லை என்று கவலைப்பட்டுச் சோறு வைத்தால் பழையபடி ஆகிவிடும். கோழி சாதாரண நாளிலேயே தின்னும் எடையைப் போல இரு மடங்கு தண்ணீர் குடிக்கும், வெயில் நாளில் இன்னும் மிகுதி. தண்ணீர்ப் பாத்திரம் வெயிலில் காய்ந்து சூடேறினால் குடிப்பதைக் குறைக்கும், குடிப்பது குறைந்தால் தின்பதும் குறையும். நிழலில் இரண்டு இடத்தில் வைத்து, நண்பகலில் ஒருமுறை மாற்றி ஊற்றினாலே சில வீடுகளில் பாதிக் குறை தீர்ந்துவிடுகிறது.

கால்சியத்துக்குக் கிளிஞ்சல் தனிப் பாத்திரத்தில் எப்போதும் இருக்கட்டும், தீனியில் கலக்க வேண்டாம். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். முட்டை ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது என்பதால் கோழி மாலையில் இதைத் தேடும். இதற்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பேராவில் இருப்பவர்களுக்குக் கோலா செப்பெத்தாங் பக்கத்துக் கெராங் சிப்பி கிடைக்காமலா போகும். தின்ற பின் ஓட்டைக் கழுவி, உப்பும் குழம்பும் போக வேகவைத்து, காயவைத்து, உளுந்து அளவுக்கு இடித்தால் போதும்.

மீந்த சோற்றுக் குழம்பு, கருவாட்டுத் தலை ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள், உப்பு மிகுந்தால் கோழிக்கு நஞ்சு. தேங்காய்ச் சக்கை பால் பிழிந்த சூட்டோடு சிறிது என்றால் பரவாயில்லை, மாலை வரை கிடந்தது வேண்டாம். பச்சை மரவள்ளி இலையும் தோலும் கூடாது. கங்கோங் கீரை தாராளமாகக் கட்டித் தொங்கவிடலாம்.

பசியோடு வெளியே திறந்துவிட்டால் தானாக மேய்ந்துகொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் தாமானை ஒட்டிச் செம்பனைத் தோட்டம் இருக்குமானால் இதைச் செய்யாதீர்கள். செம்பனை மரத்தடியில் எலிக்கு மருந்துக் கட்டி வைப்பது தோட்டங்களில் வழக்கம். பசித்த கோழி அந்தக் கட்டியையும் கொத்தும், மருந்து தின்று செத்த எலியையும் கொத்தும். அதன் நஞ்சு இரத்தத்தை உறையவிடாமல் செய்து சில நாள் கழித்துத்தான் கொல்லும் என்பதால் காரணமும் புரியாது. களைக்கொல்லி அடித்த புல்லும் ஆபத்துதான்.

இத்தனையும் செய்து, ஒரு கோழி மட்டும் முழுநாள் எதையுமே தொடவில்லை என்றால் அது வேறு விஷயம். அடை உட்கார்ந்த கோழி நாளைக்கு ஒருமுறை இறங்கி அவசரமாகத் தின்னும்; இறகு உதிர்க்கும் கோழி மந்தமாக இருக்கும்; இவை தாமாகச் சரியாகும். காலையில் இரைப்பை காலியாக இருப்பதற்குப் பதில் கல் போலவோ தண்ணீர்ப் பை போலவோ இருந்தால், வாயில் புளித்த வாடை அடித்தால், எச்சத்தில் இரத்தமோ புழுவோ தெரிந்தால், பச்சைக் கழிச்சலோடு கழுத்து திருகிக்கொண்டால், அந்தக் கோழியைத் தனியே பிரித்துவிட்டு உடனே மாவட்டக் கால்நடை இலாகாவில் காட்டுங்கள். கழுத்து திருகுவது சம்பார் என்னும் கொள்ளை நோயாக இருந்தால் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் மற்ற ஐந்துக்கும் ஆபத்து.

முழுத் தீனிக்கு மாறி இரண்டு வாரத்துக்குள் ஓட்டில் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பழுப்புக் கோழிகளை வாங்கியபோது அவற்றின் வயது என்ன என்று விற்றவரிடம் விசாரியுங்கள். பண்ணைகள் எண்பது வாரத்தை ஒட்டிக் கழித்துவிடும் கோழிகளும் இங்கே வீட்டு வளர்ப்புக்கு விற்கப்படுகின்றன. வயது ஏற ஏற முட்டை பெரிதாகும், ஆனால் ஓட்டுக்குப் போகும் கால்சியம் கூடுவதில்லை. அப்படிப்பட்ட கோழி எவ்வளவு நல்ல தீனி தின்றாலும் மெல்லிய ஓடுதான் போடும்.